திரியெஸ்தேயிலிருந்து ஒப்பிச்சீனாவுக்கு மலையேறும் டிராம்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் துறைமுக நகரம் திரியெஸ்தே. நம் ஊரிலிருந்து இங்கே வருபவர்களில் நிறையப் பேர் சுற்றிப் பார்க்க வருவதில்லை. அப்துஸ் சலாம் 1964-இல் தொடங்கிய கோட்பாட்டு இயற்பியல் மையத்துக்குப் படிக்கவும் ஆராயவும் வருகிறார்கள். திருவண்ணாமலைப் பக்கம் தண்டரையில் பிறந்த கணித அறிஞர் எம். எஸ். நரசிம்மன் 1990-களில் அந்த மையத்தின் கணிதப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். இன்றைக்கும் மாணவர்கள் இரண்டு வாரம், ஒரு மாதம் என்று வந்து தங்குகிறார்கள். விடுதி, வகுப்பு, கடற்கரை என்று மூன்று இடங்களுக்குள் நாட்கள் போய்விடுகின்றன. தலைக்கு மேலே நிற்கும் மலைக்கு டிராமில் போகாமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு அரை நாள் போதும்.

இந்த டிராம் நகரின் நடுவிலிருந்து கிளம்பி, மேலே கார்சோ பீடபூமியில் இருக்கும் ஒப்பிச்சீனா என்ற ஊருக்குப் போகிறது. பாதையின் மொத்த நீளம் 5.175 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. முதலில் சாதாரண டிராம் போலத் தெருவில் ஓடும். பிறகு செங்குத்தான சரிவில் கம்பிவடத்தின் துணையோடு ஏறும். உச்சிக்கு வந்ததும் மறுபடி தன் மின்மோட்டாரிலேயே ஓடும். மூன்றுக்கும் நீங்கள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க வேண்டாம்.

முதலில் மலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வண்டியில் ஏறும் முன் இதை ஏன் கட்டினார்கள் என்று தெரிந்திருந்தால் சன்னல் வழியே பார்ப்பதெல்லாம் புரியும். திரியெஸ்தே அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பெரிய துறைமுகம். வியன்னாவிலிருந்து வந்த தென் ரயில்பாதை 1857-இல் இந்த ஊரை எட்டியது. கடலை ஒட்டி மலை சுவர்போல நிற்பதால் ரயிலால் நேராக இறங்க முடியாது. வடமேற்கே வெகுதூரம் சுற்றிப்போய், மெல்ல வளைந்து வளைந்துதான் இறங்க வேண்டியிருந்தது. ஆகவே, நகரத்தின் மேலேயே இருக்கும் ஒப்பிச்சீனாவுக்கு ரயிலில் போவது என்றால் அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது மாதிரி. குதிரை வண்டியில் போவதும் நடந்து போவதும்தான் மிச்சம். மலை கிராமங்களிலிருந்து பாலும் காய்கறியும் சுமந்துகொண்டு பெண்கள் நடந்தே இறங்கி வந்த ஊர் இது.

அந்தச் சுவரில் நேராக ஏறும் ஒரு வழியை வரைந்தவர் எவுஜேனியோ கைரிங்கர் என்ற பொறியாளர். 1902 செப்டம்பர் 9-ஆம் தேதி டிராம் ஓடத் தொடங்கியது. நான்கு ஆண்டு கழித்து, ஆல்ப்ஸைக் கடந்து வரும் புதிய ரயில்பாதை 1906-இல் திறந்தபோது, டிராமையும் ஒப்பிச்சீனா ரயில் நிலையம் வரை நீட்டினார்கள். அந்தக் கடைசித் துண்டு 1938-இல் மூடப்பட்டுவிட்டது. இப்போது ஊருக்குள்ளேயே பயணம் முடிகிறது.

நீலகிரி ரயிலில் போனவர்களுக்கு அடுத்த விஷயம் சுலபமாகப் பிடிபடும். தொடக்கத்தில் இங்கும் செங்குத்தான பகுதியில் பல்தண்டவாளம்தான் இருந்தது, அதாவது எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறுவதற்காகப் பற்கள் வெட்டிய தண்டவாளம். மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே இருப்பது ஆப்ட் என்ற முறை. இங்கே போட்டது ஸ்ட்ரூப் என்ற முறை. இரண்டுமே மீட்டர் கேஜ். ஆனால் சரிவில் பெரிய வித்தியாசம். நீலகிரிப் பாதையில் மிகக் கடுமையான ஏற்றம் 12 அடிக்கு 1 அடி. இங்கே நூறு மீட்டருக்கு 26 மீட்டர் வரை ஏறுகிறது, அதாவது ஏறக்குறைய 4 அடிக்கு 1 அடி. பல்சக்கர எஞ்சின் ஒன்று கீழ்ப்பக்கம் நின்று டிராமைத் தள்ளிக்கொண்டு போகும். 1928-இல் பல்தண்டவாளத்தை எடுத்துவிட்டுக் கம்பிவட முறைக்கு மாற்றினார்கள். பழனி மலைக்குப் போகும் வின்ச் நினைவிருக்கிறதா? இழுக்கும் தத்துவம் அதேதான். ஆனால் இங்கே ஒரு நுட்பமான மாற்றம் இருக்கிறது. ஏறும்போது சொல்கிறேன்.

கிளம்பும் முன்

முதல் வேலை, அன்றைக்கு டிராம் ஓடுகிறதா என்று பார்ப்பது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2012-இல் சீரமைப்புக்காக நிறுத்தி 2014-இல் மீண்டும் விட்டார்கள். 2016 ஆகஸ்ட் 16 அன்று கொன்கொனெல்லோ அருகே ஒற்றைத் தடத்தில் இரண்டு டிராம்கள் எதிரெதிரே மோதிக்கொண்டன. ஓட்டுநர்களும் பயணிகளும் காயமடைந்தார்கள். அன்று நின்ற டிராம் 2025 பிப்ரவரி 1-ஆம் தேதிதான் திரும்ப ஓடியது. எட்டரை ஆண்டு! நான் முதல்முறை இந்த ஊருக்கு வந்தது அந்த இடைவெளியில்தான். புல் முளைத்த தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே மாற்றுப் பேருந்தில் மேலே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, தன் அம்மா கைபிடித்து அதில் ஏறிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அப்போது இத்தாலியன் பாதிதான் புரியும். ஆனால் அவர் விரல் தண்டவாளத்தைக் காட்டிய ஒவ்வொரு முறையும் என்ன சொல்கிறார் என்று தெரிந்தது.

திரும்ப ஓடத் தொடங்கிய பிறகும் பராமரிப்பு, கோளாறு என்று சேவை நிற்பது உண்டு. திரியெஸ்தே திராஸ்போர்த்தி என்ற நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் தளத்தில் 2-ஆம் எண் தடத்தைப் பாருங்கள். டிராமின் எண் அதுதான். நேர அட்டவணையும் அங்கேயே இருக்கும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு வெகுநேரம் வரை ஓடும் சேவை இல்லை இது.

இரண்டாவது, காற்று. இந்த ஊரில் போரா என்று ஒரு காற்று அடிக்கும். வடகிழக்கே பீடபூமியிலிருந்து கடலை நோக்கிச் சரிந்து இறங்கும் குளிர்க்காற்று. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வீசும் நாட்கள் உண்டு. அந்தக் காலத்தில் நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள நகரத் தெருக்களில் கயிறு கட்டி வைப்பார்களாம். போரா வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் இந்தப் பயணத்தை வேறு நாளுக்குத் தள்ளிவையுங்கள். டிராம் ஓடினால்கூட மேலே இறங்கி நடக்க முடியாது.

மூன்றாவது, உடை. கீழே வெயில் அடிக்கிறதே என்று சட்டையோடு கிளம்பிவிடாதீர்கள். மேலே எப்போதும் சில டிகிரி குளிர்ச்சி கூடுதல். குளிர்காலத்தில் கீழே மழை பெய்யும்போது மேலே பனி பெய்யும் நாட்களும் உண்டு. ஒரு ஜாக்கெட்டும், நல்ல பிடிப்புள்ள காலணியும் போதும்.

நான்காவதாக ஒன்று. நம் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது இது. ஒப்பிச்சீனாவிலிருந்து சில கிலோமீட்டரில் ஸ்லொவேனியா எல்லை. இரண்டு நாடுகளும் ஷெங்கனுக்குள், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை வேண்டாம் என்று ஒப்புக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள், இருந்தாலும், 2023 அக்டோபரில் இத்தாலி அந்த எல்லையில் மீண்டும் சோதனை தொடங்கியது. நீங்கள் எல்லை தாண்டாமலே திரும்பலாம். இருந்தாலும் கடவுச்சீட்டையும் விசாவையும், அல்லது தங்கும் அனுமதி அட்டையையும், விடுதியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கைப்பேசியில் எடுத்த படம் போதாது.

சீட்டு எடுப்பது

சுற்றுலா டிக்கெட் என்று தனியாக எதையும் தேட வேண்டாம். நகரப் பேருந்துக்கு எடுக்கும் அதே சீட்டுதான் டிராமுக்கும். பெரிய வெள்ளை 'டி' எழுத்துப் பலகை தொங்கும் தபாக்கி என்ற புகையிலைக் கடைகளிலும், செய்தித்தாள் கடைகளிலும் கிடைக்கும். கைப்பேசிச் செயலியிலும் வாங்கலாம். வாங்கினால் மட்டும் போதாது. காகிதச் சீட்டு என்றால் வண்டியில் ஏறியதும் அங்கிருக்கும் சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை போட வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். பரிசோதகர் வந்தால் அபராதம் கட்டியே ஆக வேண்டும். வெளியூர்க்காரன், தெரியாது என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது. என்னோடு வந்த ஒரு நண்பர் கையில் புத்தம்புதுச் சீட்டை வைத்துக்கொண்டே அபராதம் கட்டினார். திரும்பி வருவதற்கும் சேர்த்து இரண்டாக வாங்கிவிடுங்கள். மேலே போய்க் கடை தேடி அலைய வேண்டாம்.

ஏறும் இடம்

பியாத்சா ஒபெர்தான் என்ற சதுக்கம்தான் தொடக்கம். திரியெஸ்தே மத்திய ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் நடந்துவிடலாம். மீராமாரே பக்கம் ஆய்வு மையத்தில் தங்கியிருப்பவர்கள் பேருந்தில் ரயில் நிலையம் வந்து, அங்கிருந்து நடக்கலாம். சதுக்கத்தின் ஓரத்தில் நீலமும் வெளிர்மஞ்சளும் பூசிய பெட்டி ஒன்று நிற்பதைப் பார்த்தால் வந்த இடம் சரி.

கொஞ்சம் முன்னாலேயே போங்கள். நேரம் இருந்தால் பக்கத்துக் காபிக் கடையில் நின்று ஒரு காபி குடியுங்கள். காபி கேட்பதற்கு இந்த ஊருக்கு என்று தனி அகராதியே இருக்கிறது. பால் கலக்காத சின்னக் காபி வேண்டுமென்றால் 'நேரோ'. அதில் கொஞ்சம் பால்நுரை சேர்த்தது 'காப்போ'. அதையே சின்னக் கண்ணாடித் தம்ளரில் கேட்டால் 'காப்போ இன் பி'. இத்தாலியின் மற்ற ஊர்களில் கப்புச்சீனோ என்று கேட்டால் வருவது இங்கே வேண்டுமென்றால் 'காஃபெலாத்தே' என்று கேட்க வேண்டும். நம் டிகிரி காபிக்குப் பழகிய நாக்குக்கு 'காப்போ இன் பி' பிடிக்கும் என்பது என் கருத்து.

பெட்டிகளை நின்று பாருங்கள். 1935-இல் பாதுவாவில் இருந்த ஸ்தாங்கா தொழிற்சாலையில் ஐந்து பெட்டிகள் கட்டப்பட்டன; 1942-இல் இன்னும் இரண்டு சேர்ந்தன. காட்சிசாலையில் வைக்க வேண்டிய வயது. ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், சந்தைப் பையோடு வரும் பாட்டிகளும் ஏறி இறங்கும் வண்டியாகவே இன்னும் இருக்கிறது. என்னை இந்த டிராமிடம் கட்டிப்போட்டது அதுதான். உங்களையும் அதே மாதிரி ஏறச் சொல்கிறேன்: வேடிக்கை பார்க்க வந்தவராக இல்லாமல், மேலே ஒரு வேலையாகப் போகிறவர் போல. வயதானவர்கள் நின்றால் எழுந்து இடம் கொடுங்கள். 'போன்ஜோர்னோ' சொல்லுங்கள். அப்புறம் பாருங்கள், அவர்களாகவே பேச்சுக் கொடுப்பார்கள்.

எங்கே உட்காருவது? ஏறும்போது கடல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அதனால் செங்குத்தான பகுதிக்கு, பெட்டியின் பின்கோடிதான் நல்ல இடம். அதன்பிறகு வளைகுடா தெரிவது இடப்பக்கம். பின்கோடியில் இடப்பக்கம் கிடைத்தால் விடாதீர்கள்.

ஏற்றம்

முதல் சில நிமிடங்கள் சாதாரணத் தெருப் பயணம். பிறகு வண்டி பியாத்சா காசாலிக்கு வந்து நிற்கும். ஸ்கோர்கொலா குன்றின் அடிவாரம் இது. பழைய ஆட்கள் பியாத்சா ஸ்கோர்கொலா என்றே சொல்வார்கள். இங்கே கொஞ்ச நேரம் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். கோளாறு என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள். பயணத்தின் சுவாரசியமான வேலை இப்போதுதான் நடக்கிறது.

பழனி வின்ச்சில் பெட்டியையே வடத்தில் கட்டியிருப்பார்கள். இங்கே டிராமை வடத்தில் கட்டுவதில்லை. வடத்தின் நுனியில் இருப்பது ஆள் உட்காராத ஒரு தள்ளுவண்டி. 'கார்ரோ ஸ்கூதோ' என்பார்கள். கேடய வண்டி என்று அர்த்தம். அது எப்போதும் டிராமுக்குக் கீழ்ப்பக்கமே நிற்கும். டிராம் சரிவுக்கு வந்ததும் இது பின்னால் வந்து முட்டிக்கொள்ளும். பூட்டு, கொக்கி எதுவும் கிடையாது. டிராமின் எடை அதன்மேல் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். மேலே வேத்தா ஸ்கோர்கொலாவில் இருக்கும் மோட்டார்கள் வடத்தை இழுக்க, தள்ளுவண்டி டிராமை முதுகில் கைகொடுத்துத் தள்ளுவது போலத் தள்ளிக்கொண்டு ஏறும். இறங்கும்போது அதே வண்டி முன்னால் நின்று நெஞ்சில் தாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல விடும்.

வடத்தின் மறுமுனையில் இன்னொரு தள்ளுவண்டி இருக்கிறது. ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும். இறங்குவதன் எடை ஏறுவதற்கு உதவும். கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டி இறைப்பது போல. இதனால்தான் கீழே காத்திருப்பு: மேலிருந்து இறங்க வேண்டிய டிராமும் தயாரானால்தான் இரண்டும் ஒன்றாகப் புறப்படும்.

இந்தப் பகுதியின் நீளம் சுமார் 800 மீட்டர். கிளம்பியதும் உடம்பு பின்னால் சாயும், கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீடுகளின் மாடிகள் சன்னலுக்கு வெகு அருகில், சாய்ந்து நிற்பது போலத் தெரியும். நேராக நிற்பது அவைதான், சாய்ந்திருப்பது நீங்கள். பாதிவழியில் தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில் எதிர் டிராம் பக்கத்தில் உரசுவது போல இறங்கிப் போகும். இந்தச் சரிவிலேயே சாந்த் அனஸ்தாசியோ, ரொமாஞ்ஞா என்று நிறுத்தங்கள் இருக்கின்றன. வீட்டு வாசலில் இறங்குவது போல ஆட்கள் அங்கே இறங்கிப் போவதைப் பார்ப்பதே ஒரு காட்சி.

பின்கோடியில் இருந்தால், ஒவ்வொரு நிமிடமும் கீழே நகரம் விரிவதைப் பார்க்கலாம். முதலில் கூரைகள், பிறகு துறைமுகம், பிறகு முழுக் கடல்.

பயமாக இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திறப்பு விழா நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, 1902 அக்டோபர் 10 அன்று ஒரு பெட்டி கட்டுப்பாடு இழந்து சரிவில் ஓடித் தடம் புரண்டது. அதைப் பற்றித் திரியெஸ்தே வட்டார மொழியில் பிறந்த பாட்டு ஒன்றை இன்றும் ஊரே பாடுகிறது. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். 2016 விபத்தையும் மேலே சொன்னேன். அது நடந்தது வடத்தில் ஏறும் இடத்தில் அல்ல, அதற்கு மேலே இருக்கும் சாதாரணத் தடத்தில். எட்டரை ஆண்டு மூடிவைத்துத் தடத்தையும் வண்டிகளையும் சீர்செய்து, பாதுகாப்பு அனுமதி வாங்கிய பிறகே திறந்திருக்கிறார்கள். நான் என் பெற்றோரை இதில் கூட்டிப் போயிருக்கிறேன். நீங்களும் தயங்க வேண்டாம்.

வேத்தா ஸ்கோர்கொலா வந்ததும் தள்ளுவண்டி அங்கேயே தங்கிவிடும். டிராம் தன் மோட்டாரில் கிளம்பும். மிச்சம் நான்கு கிலோமீட்டர். கொலோஞ்ஞா, கொன்கொனெல்லோ, பான்னெ என்று ஒற்றைத் தடத்தில் வளைந்து வளைந்து, வீடுகள் குறைந்து மரங்கள் கூடும். இதற்குமேல் வர்ணிக்க மாட்டேன், சன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்னால் பொத்தானை அழுத்த மறக்க வேண்டாம். அடிவாரத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை எல்லாம் சேர்த்து அரை மணிக்குள் முடிந்துவிடும்.

எங்கே இறங்குவது: ஒபெலிஸ்கோவில்

புதிதாக வருபவர்கள் கடைசி நிறுத்தம் வரை போய், ஒரு தெருவைப் பார்த்துவிட்டு, 'இவ்வளவுதானா' என்று அதே வண்டியில் திரும்புகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கடைசிக்குச் சற்று முன்னால், ஒபெலிஸ்கோ என்ற நிறுத்தத்தில் இறங்குங்கள். மேலே போகும் புதிய சாலை திறக்கப்பட்டதன் நினைவாக, பேரரசர் முதலாம் பிரான்ஸ் காலத்தில், 1830-இல் நிறுத்திய கல்தூண் அங்கே இருக்கிறது. தூணைவிட அதன் எதிரே தெரிவதுதான் முக்கியம். திரியெஸ்தே நகரம் முழுவதும், வளைகுடாவும், தெளிவான நாளில் இடப்பக்கம் இஸ்திரியா தீபகற்பத்தின் கரையும் தெரியும். காலையில் வந்தால் வெயில் முதுகுப்பக்கம் இருப்பதால் கடல் நீலமாகத் தெரியும். மாலையில் வந்தால் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். எனக்கு மாலைதான் பிடிக்கும்.

இந்தத் தூணுக்குப் பக்கத்திலிருந்தே நெப்போலியன் சாலை தொடங்குகிறது. பெயரில்தான் நெப்போலியன். சாலையை வரைந்தவர் விச்செந்தீனி என்ற பொறியாளர். அதனால் விச்செந்தீனா சாலை என்றும் சொல்வார்கள். மலையின் இடுப்பில், ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாமல், புரோசெக்கோ என்ற கிராமம் வரை போகிறது. மோட்டார் வண்டிகள் வராது. முதலில் பைன் மரங்களின் நிழல், பிறகு ஒருபக்கம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் கீழே கடல். பாறைகளில் இளைஞர்கள் கயிறு கட்டி ஏறப் பழகிக்கொண்டிருப்பார்கள். குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம். நல்ல உடல்நிலையில் இருக்கும் வயதானவர்களும் நடக்கலாம். நிதானமாக நடக்க ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். புரோசெக்கோவிலிருந்து நகரத்துக்குப் பேருந்து உண்டு. உலகம் முழுக்க விற்கும் அந்தப் பெயருள்ள ஒயினுக்குப் பெயர் கொடுத்த கிராமம் இதுதான். முழுத்தூரம் நடக்க மனமில்லையென்றால் அரை மணி நேரம் போய்த் திரும்பி வாருங்கள். அதுவே போதும்.

ஒப்பிச்சீனாவில்

தூணிலிருந்து ஒப்பிச்சீனாவின் நடுப்பகுதிக்கு அடுத்த டிராமிலும் போகலாம், நடந்தும் போகலாம். ஊருக்குள் போனதும் பெயர்ப்பலகைகளைக் கவனியுங்கள். இத்தாலியனிலும் ஸ்லொவேனிய மொழியிலும் எழுதியிருக்கும். இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்களில் பலர் ஸ்லொவேனிய மொழி பேசுகிறவர்கள். அவர்களுக்கு இந்த ஊர் ஒப்ச்சினே. கடையில் 'கிராத்சியே' சொல்வதோடு, 'ஹ்வாலா' என்றும் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். நம் மொழியில் யாராவது 'நன்றி' என்றால் நமக்கு எப்படி இருக்கும், அப்படித்தான் அவர்களுக்கும்.

சாப்பாட்டுக்கு இந்தப் பீடபூமியின் தனிச்சொத்து 'ஓஸ்மித்சா'. விவசாயிகள் தங்கள் வீட்டு முற்றத்திலேயே, தங்கள் தோட்டத்து ஒயினையும் சொந்தமாகச் செய்த உணவையும் சில நாட்களுக்கு மட்டும் விற்கும் வழக்கம். ஸ்லொவேனிய மொழியில் 'ஓஸெம்' என்றால் எட்டு. ஆண்டுக்கு எட்டு நாள் விற்கலாம் என்று பேரரசு தந்த அனுமதியிலிருந்து அந்தப் பெயர். 1784-இல் வந்த ஆணை அது. எந்த வீடு திறந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. சாலையோரக் கம்பத்தில் இலைக்கொத்து ஒன்றைக் கட்டி, பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி வைத்திருப்பார்கள். அம்பைப் பின்தொடர்ந்து போனால் முற்றத்தில் மர மேசைகள் இருக்கும். எல்லா நாளும் எல்லா வீடும் திறந்திருக்காது. ஒப்பிச்சீனாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாறி மாறித் திறப்பார்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓஸ்மித்சாவில் முதன்மையாகக் கிடைப்பது பன்றியிறைச்சி வகைகள். பாலாடைக்கட்டி, ரொட்டி, ஊறுகாய் போட்ட காய்கள் கிடைக்கும். முட்டை சாப்பிடுபவர்களுக்கு அவித்த முட்டை உண்டு. உணவகத்தில் 'யோத்தா' என்ற பீன்ஸ் சூப்பைப் பார்த்து சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் இறைச்சி போட்டுத்தான் கொதிக்க வைப்பார்கள். 'சென்சா கார்னே' என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முழுநாள் கையில் இருந்தால் குரோத்தா ஜிகாந்தே குகைக்கும் போகலாம். ஒப்பிச்சீனாவிலிருந்து சில கிலோமீட்டர். 42-ஆம் எண் பேருந்து போகும். 1908 முதல் மக்கள் பார்க்கத் திறந்திருக்கும் குகை. உள்ளே இருக்கும் ஒற்றைக் கூடத்தின் உயரம் ஏறத்தாழ 100 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை உள்ளே நிறுத்தினாலும் அதன் தலைக்கு மேல் நிறைய இடம் மிஞ்சும். சுமார் 500 படி இறங்கி, மறுபடி அதே அளவு ஏற வேண்டும். ஆண்டு முழுவதும் உள்ளே சுமார் 11 டிகிரிதான். அந்த ஜாக்கெட் இங்கேயும் உதவும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைத் தவிர்த்துவிட்டு நெப்போலியன் சாலையோடு நிறுத்திக்கொள்ளலாம். வழிகாட்டியோடு, குறித்த நேரத்தில்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

திரும்பி வருவது

இறங்கும்போது கண்டிப்பாக டிராமையே பிடியுங்கள், முடிந்தால் பொழுது சாயும் நேரத்தில். புதுச் சீட்டில் முத்திரை போட மறக்காதீர்கள். காலையில் போட்டதன் நேரம் முடிந்திருக்கும். இந்த முறை பெட்டியின் முன்கோடியில் நில்லுங்கள். காலையில் பின்னால் இருந்த கடல் இப்போது நேர் எதிரே இருக்கும். வேத்தா ஸ்கோர்கொலாவில் டிராம் நிற்கும். சரிவின் விளிம்பில் தள்ளுவண்டி காத்திருக்கும். டிராம் மெதுவாக நகர்ந்து அதன்மேல் சாயும்போது காலுக்கடியில் ஒரு சின்ன அதிர்வு தெரியும். அப்புறம் இரண்டும் சேர்ந்து, விளக்கு போட்டுக்கொண்டிருக்கும் நகரத்துக்குள் இறங்கும்.